டாக் பாலிமரேஸ் மட்டும் எப்படிப் பிழைத்தது? வெப்பம் விரும்பும் பாக்டீரியாவின் புரதங்கள்

அகழிமீன் எழுதியது:

வேலூரில் எம்.எஸ்சி. உயிர்த்தொழில்நுட்பம் படிக்கிறேன். கல்லூரி பெயர் வேண்டாம். சனிக்கிழமை மதியம் கரண்ட் போயிருக்கிறது. எங்கள் லேப் ஃப்ரீசர் ஜெனரேட்டர் லைனில் இல்லை என்பது திங்கட்கிழமை காலையில்தான் எல்லோருக்கும் தெரிய வந்தது. திறந்தால் ஐஸ் முழுக்க உருகி, என்சைம் டியூப் செருகிய ராக் தண்ணீரில் மிதக்கிறது. மார்க்கரில் எழுதிய தேதிகள் பாதி அழிந்துவிட்டன. வெளியே 41 டிகிரி.

எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தோம். டாக் பாலிமரேஸை (டிஎன்ஏவை நகலெடுக்கும் என்சைம்) எடுத்துப் பிசிஆர் (டிஎன்ஏவைச் சூடாக்கிக் குளிரவைத்துத் திரும்பத் திரும்பப் பெருக்கும் முறை) ஓட்டினால் பேண்ட் பளிச்சென்று வருகிறது. டிஎன்ஏ துண்டுகளை ஒட்டும் டி4 லிகேஸ் ஒன்றுக்கும் உதவவில்லை.

டாக் வெந்நீர் ஊற்றில் வாழும் பாக்டீரியாவிலிருந்து வந்தது, அதனால் தாங்குகிறது. அது தெரியும். ஆனால் இரண்டு என்சைமும் அதே இருபது அமினோ அமிலங்களால் ஆனவைதானே? அப்படி எங்கேதான் வித்தியாசம்? புத்தகத்தில் "உப்புப் பாலங்கள், டைசல்ஃபைடு பிணைப்பு, ஜிசி அதிகம்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். வைவாவில் அதைச் சொன்னால் "சரி, அதனால் என்ன?" என்று அடுத்த கேள்வி வருகிறது. அங்கே நிற்கிறேன்.

வெயில்போதும் எழுதியது:

இதற்குப் போய் அமெரிக்கா வரைக்கும் போய்த் தேடினார்களா? மே மாதம் மத்தியானம் சத்துவாச்சாரி பஸ் ஸ்டாப்பில் ஒரு தட்டை வைத்திருந்தால் தானாக வந்து விழுந்திருக்குமே.

காட்பாடி ஜங்ஷன் எழுதியது:

வெயில் சார், நம் ஊர் 41 டிகிரி அந்தப் பாக்டீரியாவுக்கு மார்கழிக் குளிர். தெர்மஸ் அக்வாட்டிகஸுக்கு இதமான சூடு 70 டிகிரி. 1966-இல் தாமஸ் பிராக்கும் அவருடைய மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள், 1969-இல் பெயர் வைத்து வெளியிட்டார்கள். பாலிமரேஸ் தனியாக எடுக்கப்பட்டது 1976-இல். கேரி முல்லிஸுக்குப் பிசிஆர் யோசனை வந்தது 1983-இல். ஆரம்பத்தில் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவின் பாலிமரேஸைத்தான் பயன்படுத்தினார்கள். ஒவ்வொரு சுழற்சியிலும் 95 டிகிரியில் அது செத்துப்போகும், மூடியைத் திறந்து புதிதாக ஊற்ற வேண்டும். டாக் வந்த பிறகுதான் மெஷினை ஓடவிட்டு டீ குடிக்கப் போக முடிந்தது.

அகழி தம்பி, முதலில் லிகேஸ். தூக்கிப் போடுவதற்கு முன் பஃபரைச் சந்தேகப்படுங்கள். லிகேஸ் பஃபரில் அதற்கு ஆற்றல் தரும் ஏடிபி இருக்கிறது, சூட்டில் முதலில் வீணாவது அதுதான். என்சைம் பாதிக்குப் பாதி கிளிசராலில் இருப்பதால் நீங்கள் நினைப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தாங்கும். புது பஃபரில் ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். ஒரு புரதம் மடிந்து நிற்கும் நிலைக்கும் அவிழ்ந்து தொங்கும் நிலைக்கும் இடையே உள்ள கட்டற்ற ஆற்றல் வித்தியாசம் மோலுக்கு 5 முதல் 15 கிலோகலோரிதான். ஹைட்ரஜன் பிணைப்புகள், நீரை வெறுக்கும் பக்கச்சங்கிலிகள் உள்ளே ஒளிந்துகொள்வது, அணுக்கள் நெருக்கமாக அடைவது எல்லாம் மடிப்புக்குச் சாதகம். எதிர்ப்பக்கத்தில் என்ட்ரோபி. அவிழ்ந்த சங்கிலி ஆயிரம் விதமாக ஆடலாம், மடிந்தது ஒரே விதமாக நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கான கிலோகலோரி, மிச்சம் நிற்பது ஐந்தோ பத்தோ. மாதம் லட்ச ரூபாய் வரவு, தொண்ணூற்றொன்பதாயிரம் செலவு என்று ஓடும் குடும்பத்தின் சேமிப்பு மாதிரி. கையில் நிற்கும் ஆயிரத்தை மூவாயிரமாக்க வேலையை மாற்ற வேண்டியதில்லை, பால் கணக்கிலும் கேபிள் பில்லிலும் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் போதும்.

அதனால்தான் சாதாரணப் பாக்டீரியாவின் என்சைமையும் வெப்பம் விரும்பியின் அதே என்சைமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஏமாற்றமாக இருக்கும். மடிப்பு ஏறக்குறைய ஒன்றேதான். டாக் பாலிமரேஸையும் ஈ.கோலை பாலிமரேஸையும் மேலே மேலே வைத்துப் பார்த்தால், டிஎன்ஏவைக் கட்டும் பகுதி கைக்குக் கை பொருந்தும். (எழுத்துப்பிழையைச் சரிபார்க்கும் பகுதி டாக்கில் பெயருக்குத்தான் இருக்கிறது, வேலை செய்யாது. அது வேறு கதை.) கண்ணுக்குப் படும் பெரிய தூணோ உத்தரமோ எங்கும் கிடையாது.

வைவாவுக்கு இன்னொன்று: ஜிசி என்பது டிஎன்ஏவில் ஜி, சி எழுத்துகளின் பங்கு, புரதத்தின் உறுதியோடு அதற்கு நேரடித் தொடர்பு இல்லை. ஜீனோம் அளவில் பார்த்தால் அந்த வாதமே நிற்காது. பைரோகாக்கஸ் ஃபியூரியோசஸ் 100 டிகிரியில் வளர்கிறது, அதன் ஜிசி சுமார் 41 சதவீதம். புரதம் கட்டும் ரிபோசோமின் ஆர்என்ஏ, டிஆர்என்ஏ போன்றவற்றில்தான் வளரும் வெப்பநிலையோடு ஜிசியும் ஏறுகிறது.

பெப்டைடு பெரியப்பா எழுதியது:

பைரோகாக்கஸ் ஆர்கியா என்ற தனி நுண்ணுயிர்ப் பிரிவு, பாக்டீரியா அல்ல. தலைப்பு பாக்டீரியா என்பதால் சொல்கிறேன். பாக்டீரியாவில் அதற்கு ஜோடி வேண்டுமென்றால் தெர்மோடோகா மாரிட்டிமா, 80 டிகிரி. இரண்டும் 1986-இல் வெளியானவை, இரண்டும் இத்தாலியின் வுல்கானோ தீவுக் கடற்கரைச் சூட்டிலிருந்து கார்ல் ஷ்டெட்டர் குழு எடுத்தவை.

சின்னச் சின்ன மாற்றங்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துதான் உறுதி வந்தது என்ற கதை எனக்கு முழுக்க ஒத்துவரவில்லை. பாசில்லஸ் சப்டிலிஸின் குளிர் அதிர்ச்சிப் புரதம் (திடீர்க் குளிரில் செல் உண்டாக்குவது) 67 அமினோ அமிலம். சூட்டில் வளரும் பாசில்லஸ் கால்டோலிட்டிகஸின் அதே புரதம் 66. இரண்டுக்கும் 12 இடங்களில்தான் வித்தியாசம். முதலாவது 54 டிகிரி அளவில் அவிழ்கிறது, இரண்டாவது 77 அளவில். ஃபிரான்ஸ் ஷ்மிட் குழு ஒவ்வொரு இடமாக மாற்றிப் பார்த்து 2000-இல் வெளியிட்டார்கள்: 12-இல் 2 இடங்களே ஏறக்குறைய முழு வித்தியாசத்துக்கும் காரணம். 3-ஆம் இடமும் 66-ஆம் இடமும். அதுவும் உள்ளே புதைந்தவை அல்ல, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு மேற்பரப்பில் உட்கார்ந்திருப்பவை. கால்பணச் சேமிப்புக் கதை இங்கே எங்கே போனது?

காட்பாடி ஜங்ஷன் எழுதியது:

எனக்கும் பிடித்த உதாரணம் அது. ஆனால் அந்த இரண்டு இடங்களும் என்ன செய்தன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சப்டிலிஸ் புரதத்தில் 3-ஆம் இடமும் 66-ஆம் இடமும் குளுட்டமேட் என்ற அமினோ அமிலம், இரண்டும் எதிர்மின்சுமை. பக்கத்திலேயே வேறு எதிர்மின்சுமைகளும் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன. கால்டோலிட்டிகஸில் 3-ஆம் இடத்தில் நேர்மின்சுமையுள்ள ஆர்ஜினைன், 66-ஆம் இடத்தில் மின்சுமையற்ற லூசின். தள்ளுமுள்ளு தீர்ந்தது. சூட்டுக்காக எதையும் புதிதாகக் கட்டவில்லை, ஏற்கெனவே இருந்த ஒரு உபத்திரவத்தை எடுத்திருக்கிறது. சின்னப் புரதம் என்பதால் இரண்டு இடம் போதுமாக இருந்தது. 832 அமினோ அமிலமுள்ள டாக்கில் அப்படி ஒரு சாவியைத் தேடினால் கிடைக்காது.

வாலாஜா வாத்தியார் எழுதியது:

ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியன். ஒரு சந்தேகம். உப்புப் பாலம் என்பது நேர்மின்சுமையும் எதிர்மின்சுமையும் ஒட்டிக்கொள்வது. சூடு ஏறினால் எந்த ஒட்டுதலும் தளரத்தானே வேண்டும்? பிறகு எப்படி அதைச் சூட்டைத் தாங்கும் காரணமாகச் சொல்கிறார்கள்?

காட்பாடி ஜங்ஷன் எழுதியது:

சார், இந்த இழையில் வந்த கேள்விகளில் இதுதான் சரியான கேள்வி.

உப்புப் பாலத்தை முதலில் முன்வைத்தவர் மாக்ஸ் பெரூட்ஸ். 1975-இல் பாக்டீரியாக்களின் ஃபெரிடாக்சின் என்ற இரும்புப் புரதங்களை ஒப்பிட்டு, மேற்பரப்பில் கூடுதலாக இருக்கும் சில உப்புப் பாலங்களே போதும் என்றார். பிறகு அளந்து பார்த்தவர்களுக்கு அறை வெப்பநிலையில் உப்புப் பாலத்தால் பெரிய லாபம் தெரியவில்லை, சில இடங்களில் நஷ்டம். காரணம் தண்ணீர். மின்சுமை தண்ணீரில் நனைந்திருக்கவே விரும்பும். பாலம் கட்ட வேண்டுமென்றால் அந்தத் தண்ணீரை உதற வேண்டும், அதற்கு ஆற்றல் செலவாகிறது. பாலத்தால் வரும் லாபம் அதிலேயே கரைந்துவிடுகிறது.

சூடு ஏறும்போது தண்ணீரின் குணம் மாறுகிறது. அதன் மின்கடத்தாப் பொருள் மாறிலி 25 டிகிரியில் 78 போல, 100 டிகிரியில் 55 போல. அதாவது சூடான தண்ணீர் மின்சுமைகளை முன்போல அரவணைப்பதில்லை. அதை உதறும் செலவு குறைகிறது, பாலத்தின் நிகர லாபம் கூடுகிறது. அட்ரியன் எல்காக் 1998-இல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். குளிரில் ஒன்றுக்கும் உதவாத பாலம் கொதிநிலைக்குப் பக்கத்தில் போகும்போதுதான் தன் சம்பளத்தைச் சம்பாதிக்கிறது.

இன்னொன்று, தனித்தனிப் பாலங்களைவிட வலையாகக் கோத்தவை லாபம். மூன்றாவது மின்சுமை வந்து சேரும்போது முதல் இரண்டும் ஏற்கெனவே இடத்தில் நிற்கின்றன, புதிதாகக் கட்டிப்போட வேண்டியது ஒன்றுதான். பைரோகாக்கஸின் குளுட்டமேட் டிஹைட்ரஜனேஸ் ஆறு துண்டுகள் சேர்ந்த என்சைம். 1995-இல் அதன் வடிவத்தைத் தீர்த்தபோது, துண்டுகள் சந்திக்கும் இடத்தில் 18 அமினோ அமிலங்கள் சேர்ந்த ஒரே வலை இருந்தது. (பெரியப்பா, ஆர்கியாதான், தெரியும்.)

வாலாஜா வாத்தியார் எழுதியது:

சந்தேகம் தீர்ந்தது. பத்தாம் வகுப்பில் இந்த மாறிலியை எண்ணாக மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன். இதற்கு இப்படி ஒரு வேலை இருக்கிறது என்று தெரிந்திருந்தால் பாடம் கொஞ்சம் சுவையாகப் போயிருக்கும்.

ஆம்பூர் வெட்புளூ எழுதியது:

தோல் ஷாப்பில் டெக்னீஷியன். ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டம் என்கிறார்கள், நமக்கு என்றும் வட ஆற்காடுதான், அதனால் உள்ளே வருகிறேன்.

நீங்கள் பேசுவதை நாங்கள் தினமும் செய்கிறோம் என்று தோன்றுகிறது. தோலும் புரதம்தானே, கொலாஜன். பச்சைத் தோலைத் தண்ணீரில் போட்டுச் சூடேற்றினால் 60, 65 டிகிரியில் சடாரென்று சுருங்கும். தாவரப் பட்டையில் பதனிட்டது 75-இலிருந்து 85 வரை தாங்கும். குரோம் போட்டது கொதிநீரையே தாங்கும். டிரம்மிலிருந்து எடுத்ததும் ஒரு துண்டை வெட்டுவோம். காகிதத்தில் வைத்துச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு, கொதிக்கும் தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் போடுவோம். எடுத்துத் திரும்பக் கோட்டின் மேல் வைத்தால் பொருந்த வேண்டும். நான்கு பக்கமும் உள்ளே இழுத்து ஓரம் சுருண்டிருந்தால் அந்த லாட் இன்னும் பழுக்கவில்லை, திரும்ப டிரம்முக்குப் போகும்.

கேள்வி: குரோம் செய்வதைத்தான் இந்தப் பாக்டீரியாவும் உள்ளே செய்கிறதா?

காட்பாடி ஜங்ஷன் எழுதியது:

பாய், நீங்கள் இந்தப் பக்கம் வந்ததற்கு நன்றி. கருத்தரங்கில் இதைக் கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள்.

குரோமியம் செய்வது குறுக்குக் கட்டு. மடிந்து முடிந்த கொலாஜன் நார்களுக்குள் போய், அதில் இருக்கும் அமிலக் குழுக்களைப் பிடித்து ஒன்றோடொன்று கட்டிவிடுகிறது. வெளியிலிருந்து வந்த கட்டு. பாக்டீரியாவுக்கு அந்த வசதி குறைவு. அதன் புரதம் ஒவ்வொன்றும் மரபணுவில் எழுதிய வரிசையிலேயே தாங்கும் சக்தியைக் கொண்டுவர வேண்டும். உலோகத்தின் உதவியை வாங்கிக்கொள்கிற புரதங்களும் உண்டு. தெர்மோலைசின் என்ற புரதச்சிதைப்பான் நான்கு கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு 80 டிகிரி வரை தாங்கும். கால்சியத்தை உருவிவிட்டால் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிடும். இரண்டு கந்தக அணுக்கள் சேரும் டைசல்ஃபைடு என்ற குறுக்குக் கட்டும் சில ஆர்கியாக்களில் செல்லுக்குள்ளேயே நிறைய இருக்கிறது, ஆனால் எல்லா வெப்பம் விரும்பிகளுக்கும் பொது விதி அல்ல.

உங்கள் தோலிலேயே இதைவிட நெருக்கமான கதை ஒன்று இருக்கிறது. கன்றுத்தோல் கொலாஜனைக் கரைசலாக எடுத்தால் 40 டிகிரிப் பக்கத்திலேயே அவிழ்ந்துவிடும். அதே கொலாஜன் நாராக அடுக்கி நிற்கும்போது நீங்கள் சொன்ன 60, 65. மூலக்கூறு மாறவில்லை, பக்கத்தில் துணை வந்தது, அவ்வளவுதான். வெப்பம் விரும்பும் பாக்டீரியாவின் என்சைம்கள் பல தனியாக இல்லாமல் நான்கு, ஆறு என்று கூட்டாக நிற்பதற்கும் இதே காரணம்தான்.

குளிர்க்கடலில் வாழும் காட் மீனின் கொலாஜன் 15 டிகிரிப் பக்கத்திலேயே அவிழ்ந்துவிடும். அதில் கொலாஜனை இறுக்கிப் பிடிக்கும் ஹைட்ராக்ஸிபுரோலின் என்ற அமினோ அமிலம் குறைவு. விலங்கு எந்தச் சூட்டில் வாழ்கிறதோ அதற்குக் கொஞ்சம் மேலே அதன் கொலாஜன் நிற்கிறது. பாக்டீரியாவும் அதே பாணிதான். 70 டிகிரியில் வாழ்கிறவனின் புரதம் 200 டிகிரியைத் தாங்க வேண்டிய அவசியம் இல்லை, தன் வீட்டுச் சூட்டுக்கு மேலே கொஞ்சம் இடைவெளி இருந்தால் போதும். டாக்கும் அழியாத வரம் வாங்கி வந்ததல்ல. 95 டிகிரியில் அதன் அரை ஆயுள் சுமார் 40 நிமிடம். 30 சுழற்சி, ஒவ்வொன்றிலும் 30 விநாடி 95 டிகிரி என்றால் மொத்தம் 15 நிமிடம். கணக்குப் போட்டால் கால்வாசி டாக் வழியிலேயே செத்திருக்கும்.

ஆம்பூர் வெட்புளூ எழுதியது:

எங்கள் தாத்தா காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும்தான். அந்தத் தோல் கொதிநீரில் நிற்காது, ஆனால் கைக்கு அப்படி ஒரு மெது. தாங்கும் சக்தி கூடக் கூட வேறு ஏதாவது போய்விடுகிறதா?

பெப்டைடு பெரியப்பா எழுதியது:

அதில்தான் இந்தத் துறையே பல வருடம் சண்டை போட்டது.

வழக்கமான பதில்: ஆமாம், விறைத்துப்போகும். 70 டிகிரியில் வேலை செய்யும்படி இறுக்கிய என்சைம் 37 டிகிரியில் சோம்பேறி. வேலை செய்ய என்சைம் கொஞ்சம் நெளிய வேண்டும், நெளிவு அவிழ்வதற்கு முதல் படி. ஆகவே இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

ஃபிரான்சஸ் ஆர்னால்டு அதைச் சோதனைக்குழாயில் உடைத்தார். எஸ்டர் பிணைப்பை உடைக்கும் ஒரு என்சைமை (எஸ்டரேஸ்) எடுத்து, கண்மூடித்தனமாக மாற்றங்கள் விழவைத்து, சூட்டையும் தாங்க வேண்டும், குளிர்ந்த நிலையிலும் வேலை செய்ய வேண்டும் என்று இரண்டையும் கேட்டு வடிகட்டினார்கள். 1998-இல் வெளியிட்டார்கள்: புரதம் அவிழும் வெப்பநிலை முன்பைவிட 14 டிகிரிக்கும் கூடுதலாக உயர்ந்தது, குறைந்த சூட்டில் வேலைத்திறன் குறையவில்லை. அவருக்கு 2018-இல் வேதியியல் நோபல். ஆகவே, சூட்டில் வாழும் பாக்டீரியாவின் என்சைம் குளிரில் சோம்பலாக இருப்பது இயற்பியல் விதி அல்ல. 37 டிகிரியில் வேலை செய் என்று அதை யாரும் கேட்கவில்லை, கேட்காததை அது வைத்துக்கொள்ளவில்லை. என் கட்சி இதுதான்.

எதிர்த்திசையிலும் ஒரு உதாரணம். துணியில் கஞ்சி எடுக்கவும், மாவுச்சத்தைத் திரவமாக்கவும் பயன்படும் ஆல்ஃபா அமைலேஸ் 90 டிகிரிக்கு மேலும் வேலை செய்யும். அது பாசில்லஸ் லைக்கனிஃபார்மிஸிலிருந்து வருகிறது. வெந்நீர் ஊற்றில் பிறந்ததல்ல, மண்ணில் சாதாரணமாகக் கிடைக்கும் பாக்டீரியா.

காட்பாடி ஜங்ஷன் எழுதியது:

ஆர்னால்டு விஷயத்தில் பெரியப்பாவோடு முழு உடன்பாடு. ஆனால் "விறைப்பு" என்ற பாதியைக் குப்பையில் போட வேண்டாம். விறைப்பு சில இடங்களில் உண்மையாகவே லாபம் தருகிறது, அந்தக் கதை நம் மாகாணத்தில் தொடங்குகிறது.

1950-களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜனின் முச்சுருள் வடிவத்தை முன்வைத்தார்கள் (பாய், உங்கள் டிரம்மில் சுற்றுவது அதேதான்). அந்த வேலையிலிருந்து பிறந்தது 1963-இல் ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் போட்ட வரைபடம். முதுகெலும்புச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம், எதில் அணுக்கள் இடித்துக்கொள்ளும் என்று காட்டுவது. அதில் கிளைசினுக்கு ஏறக்குறைய எங்கும் போக அனுமதி. புரோலினுக்கு ஒரு ஒல்லியான பட்டைதான்.

இதை வெப்பத்தோடு சேர்த்துப் பாருங்கள். அவிழ்ந்த சங்கிலியின் பெரிய பலம் அது பல விதமாக ஆட முடிவது. கிளைசின் இருந்த இடத்தில் அலனினை, அலனின் இருந்த இடத்தில் புரோலினை வைத்தால் அவிழ்ந்த நிலையின் ஆட்டம் குறைகிறது. மடிந்த நிலைக்கு எதுவும் கொடுக்கவில்லை, எதிராளியின் கையைக் கட்டியாகிவிட்டது. பிரையன் மாத்யூஸ் 1987-இல் டி4 வைரஸின் லைசோசைம் என்ற என்சைமில் சரியாக இதைச் செய்து காட்டினார். வெப்பம் விரும்பிகளின் புரதங்களில் வெளியே தொங்கும் வளையங்கள் குட்டையாக இருப்பதற்கும் அதுவே பொருள்.

அகழி தம்பிக்கு வைவாவில் சொல்ல: ஆஸ்பரஜினும் குளுட்டமினும் குறையும், ஏனென்றால் சூட்டில் அவை அமைடு குழுவை இழந்து வேறொன்றாக மாறிவிடும். குளுட்டமேட், லைசின், ஆர்ஜினைன் போன்ற மின்சுமைக்காரர்கள் கூடுவார்கள். 2007-இல் ஸெல்டோவிச், பெரெஸோவ்ஸ்கி, ஷாக்னோவிச் மூவரும் ஏழு அமினோ அமிலங்களின் கூட்டு விகிதத்தை மட்டும் வைத்து, ஒரு உயிரி எந்த வெப்பநிலையில் நன்றாக வளரும் என்று ஓரளவு நன்றாகவே சொல்ல முடிகிறது எனக் காட்டினார்கள். நம்மவர்களில் மைக்கேல் குரோமிகா, இப்போது சென்னை ஐஐடியில் இருப்பவர், 1999-லேயே சாதாரணப் புரதங்களையும் வெப்பம் விரும்பிகளின் புரதங்களையும் ஒப்பிட்டு, எந்தப் பண்புகள் மாறுகின்றன என்று எழுதியிருக்கிறார். தேர்வுக்கு முன் அதைப் படியுங்கள்.

ஸ்டெரிலைசேஷன் ரூம் எழுதியது:

மருத்துவமனையில் கருவிகளை ஆட்டோகிளேவ் போடும் பிரிவில் பல வருடம் வேலை. எங்களுக்குத் தெரிந்த வெப்பம் விரும்பி ஜியோபாசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ். பழைய ஆட்கள் இன்னும் பாசில்லஸ் என்றுதான் சொல்வார்கள். அதன் ஸ்போர் (விதை மாதிரி உறங்கும் நிலை) அடங்கிய சின்ன ஆம்பூலைக் கருவிகளுக்கு நடுவில் வைத்து 121 டிகிரியில் ஓட்டுவோம். பிறகு 55, 60 டிகிரி இன்குபேட்டரில் வைப்போம். ஊதா ஊதாவாகவே இருந்தால் எல்லாம் செத்தது. மஞ்சளாக மாறினால் அந்த லோடு முழுவதும் திரும்பி வர வேண்டும். ஆட்டோகிளேவில் போடாத ஒன்றையும் கூடவே வைப்போம், அது கட்டாயம் மஞ்சளாக வேண்டும், இல்லாவிட்டால் சோதனையே செல்லாது. புதிதாக வந்த பிள்ளைகள் அந்த மஞ்சளைப் பார்த்துப் பதறி ஓடி வருவார்கள்.

இவ்வளவு சூட்டைத் தாங்குவதும் நீங்கள் சொல்லும் உப்புப் பாலங்களால்தானா?

காட்பாடி ஜங்ஷன் எழுதியது:

இல்லை அக்கா, அது வேறு வித்தை. ஜியோபாசில்லஸ் வளரும் நிலையில் 55, 60 டிகிரியில் சந்தோஷமாக இருக்கும், கொதிநீரில் போட்டால் சாகும். ஸ்போராக மாறும்போது நடுப்பகுதியிலிருந்து தண்ணீர் பெருமளவு வெளியேற்றப்பட்டு, கால்சியமும் டைபிகோலினிக் அமிலமும் நிரப்பப்படுகின்றன. புரதம் அவிழ வேண்டுமென்றால் அசைய இடமும் தண்ணீரும் வேண்டும், அங்கே இரண்டும் இல்லை. 37 டிகிரியில் வளரும் பாக்டீரியாக்களின் ஸ்போர்களும் இப்படித்தான் கொதிநீரைத் தாங்குகின்றன. கூடவே ஜியோபாசில்லஸின் புரதங்கள் இயல்பிலேயே உறுதியானவை என்பதால் அதன் ஸ்போர் வரிசையில் முன்னால் நிற்கிறது.

அந்த ஜியோபாசில்லஸின் பாலிமரேஸ்தான், 60, 65 டிகிரியில் ஒரே சூட்டில் டிஎன்ஏவைப் பெருக்கும் லேம்ப் சோதனையில் வேலை செய்கிறது. 95 டிகிரியைத் தாங்காது, அந்தச் சோதனைக்குத் தாங்கவும் வேண்டாம்.

வெயில்போதும் எழுதியது:

கிண்டல் செய்ய வந்தேன், நோட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சரி, நம் ஊரில் இப்படிப்பட்ட பாக்டீரியா எங்கேயாவது உண்டா? வெந்நீர் ஊற்றுக்கு எங்கே போவது?

அகழிமீன் எழுதியது:

அதையேதான் கேட்க வந்தேன். புது பஃபரில் லிகேஸ் மெலிதாக வேலை செய்கிறது, முழுசாக இல்லை. அது இருக்கட்டும். புராஜெக்டுக்கு இங்கேயே ஒரு வெப்பம் விரும்பியைப் பிடித்து, அதிலிருந்து ஒரு என்சைமை எடுக்கலாம் என்று கைடிடம் சொல்லியிருக்கிறேன். அம்முண்டி சர்க்கரை ஆலைப் பக்கம் கரும்புச் சக்கைக் குவியல் இருக்கிறதே, அது சரிப்படுமா?

பெப்டைடு பெரியப்பா எழுதியது:

தாராளமாக. வெந்நீர் ஊற்று தேவையே இல்லை. மட்கும் குவியல் எதுவானாலும் உள்ளே 60, 70 டிகிரி ஏறும், ஜியோபாசில்லஸ் வகைகள் அங்கே இயல்பாகக் கிடைக்கும். மேல்பரப்பைச் சுரண்டாதீர்கள். கையை உள்ளே விட்டால் சுடும் ஆழத்திலிருந்து எடுங்கள். நீளமான தெர்மாமீட்டரைக் குத்தி வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள், கைடு முதலில் கேட்பது அதைத்தான்.

முகக்கவசம் கட்டாயம், அதுவும் நல்லதாக. பழைய காய்ந்த சக்கைத் தூசியில் தெர்மோஆக்டினோமைசிஸ் என்ற வெப்பம் விரும்பியின் ஸ்போர்கள் இருக்கும். மூச்சில் போனால் பகாசோசிஸ் என்ற நுரையீரல் ஒவ்வாமை வரும். சர்க்கரை ஆலைத் தொழிலாளர்களுக்கு வரும் நோய் அது. ஆலைக்குள் போக எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

காட்பாடி ஜங்ஷன் எழுதியது:

60 டிகிரியில் அகார் தட்டு வைத்தால் மறுநாள் அப்பளம். மூடியுள்ள டப்பாவில் ஈரப் பஞ்சு வைத்து அதற்குள் வையுங்கள். 70-க்கு மேல் போவதென்றால் அகாரை விட்டுவிட்டு அதைவிடச் சூட்டைத் தாங்கும் ஜெல்லன் கம் வாங்கச் சொல்லுங்கள்.

என்சைமின் மரபணுவை ஈ.கோலையில் போட்டு வெளிப்படுத்தினால் சுத்தம் செய்யும் வேலை பாதி இலவசம். செல்லை உடைத்த சாற்றை 70 டிகிரித் தண்ணீர்த் தொட்டியில் இருபது நிமிடம் வையுங்கள். தேன் நிறத்தில் தெளிவாக இருந்த சாறு சில நிமிடத்திலேயே கலங்கி, வெள்ளையாகத் திரிந்துவிடும். திரிவது ஈ.கோலையின் சொந்தப் புரதங்கள். வேகமாகச் சுழற்றினால் அவை அடியில் கெட்டியாக உட்காரும், மேலே நிற்கும் தெளிவில் உங்கள் என்சைம் இருக்கும். சூடாக்குவதற்கு முன்னும் பின்னும் கொஞ்சம் எடுத்து ஒரே ஜெல்லில் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுங்கள். முதல் பாதையில் ஏணி மாதிரிப் பேண்டுகள், இரண்டாவதில் ஒன்றிரண்டுதான் மிச்சம் இருக்கும். சாற்றில் உப்பு மிகக் குறைவாக இருந்தால் உங்கள் புரதமும் சேர்ந்து விழுந்துவிடலாம். அதனால் முதலில் சின்னச் சின்னக் குழாய்களில் 55, 60, 65, 70 என்று பிரித்துப் பார்த்துவிட்டு, பிறகு முழுச் சாற்றையும் சூடாக்குங்கள்.

அப்புறம், வாங்கும் என்சைமை ஜெனரேட்டர் லைனில் இருக்கும் ஃப்ரீசரில் வைக்கச் சொல்லி ஹெச்ஓடிக்கு ஒரு லெட்டர் கொடுங்கள். வாயால் சொன்னால் யாரும் செய்யமாட்டார்கள்.